அயலும் ஆரோக்கியமும்

உடல்நலம் ஒருவனுடைய உணவினாலும் ஒழுக்கத்தினாலும் மாத்திரம் அமைவதன்று. அவன் வாழும் அயலினாலும் அமைவதாகும். தன் முற்றத்தைக் கூட்டிக் குப்பையை வேலிக்கப்பால் வீசுபவன் நோயை நீக்கியவனல்லன், இடம் மாற்றியவனே. இவ்வுண்மையை எமது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றைக்கொண்டு ஆராய்வாம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அதுவே எங்கள் கிணறுகளில் ஊறுவது. மணல் நீரை மெல்ல வடிக்கும்; வெடிப்புடைய சுண்ணாம்புக்கல்லோ அங்ஙனம் வடிப்பதில்லை. ஆதலின் மலக்குழிக் கழிவும், தோட்டத்தில் மிகையாக இட்ட உரமும் நீரோடு விரைந்து சென்று கலக்கும்.

இதனை வகுப்பிலே விளக்கியபோது மாணாக்கன் ஒருவன், “எங்கள் கிணறு எங்கள் வளவுக்குள்தானே இருக்கின்றது, ஐயா!” என்றான். வேலி நிலத்தின் மேலேதான் உண்டு. நிலத்தின் கீழ் எல்லா வளவுகளுக்கும் நீர் ஒன்றே என்றோம்.

வளவுகள் சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபடத் துண்டுபடக் கிணறும் மலக்குழியும் நெருங்குகின்றன. ஒருவர் தம் கிணற்றுக்கு எட்டத்தில் வெட்டும் குழி, அயலவர் கிணற்றின் அருகாக அமைந்துவிடுகின்றது. கிருமிகளைக் கொதிநீரிற் கொல்லலாம். நைத்திரேற்றோ கொதிப்பினால் நீங்குவதன்று. நீர் ஆவியாக, எஞ்சியதில் அதன் செறிவு கூடும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமை மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழவியின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுக்குன்றி, உடல் நீலம்பாரிக்கும்.

நுளம்புக்கும் வேலி தடையன்று. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுற்றனர். சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கிய நீரில் முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆகவே ஒழுங்கையிலுள்ள அனைவரும் வாரந்தோறும் தத்தம் வளவைத் துப்புரவாக்கல் வேண்டும். ஒருவர் தவறின் பலர் நோயுறுவர்.

கூட்டுமுயற்சி வீண்போகாதென்பதற்கு மலேரியாவே சான்று. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட அந்நோயினின்றும் இலங்கை விடுபட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

மாணாக்கர்காள்! உங்கள் ஒழுங்கையைப் படமாக வரைந்து, கிணறுகளையும் மலக்குழிகளையும் குறித்து, இடைத்தூரத்தை அளந்து பாருங்கள். மழைநீரை நிலத்துக்கு ஊட்டும் குளம் தூர்ந்து கிடப்பின் அதனையுங் குறியுங்கள். பழைய மாணவர்களே! புதுமனை கட்டுமுன் மேசனிடம் திட்டங் கேட்பதோடு, அயலவரிடம் அவர் கிணறு எங்கேயென்றும் கேளுங்கள். அவ்வொரு வினாவே நல்ல அயலுக்கு அத்திவாரமாகும்.