தலை அரிப்பு: காரணமும் பரிகாரமும்

தறியில் பறக்கும் பஞ்சுத் தூசும் வயலில் ஒழுகும் வியர்வையும் சேர்ந்து தலை அரித்தல் இயல்பே. குளித்தால் அது நீங்கும். வாரக்கணக்கில் நீங்காத அரிப்புக்கு வேறு காரணம் உண்டு. அதனை அறியாது மருந்திடுதல் வீண் செலவாகும்.

பொடுகு: மலசீசியா என்னும் நுண்காளான் எல்லோர் தலையிலும் வாழ்வது. எண்ணெய்ப் பசையே அதன் உணவு. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து நீராடுவதில் குற்றமில்லை. எண்ணெயை நாட்கணக்கில் தலையில் ஊறவிடுவதே பொடுகை வளர்க்கும். அரப்பு, சீயக்காயால் தீராவிடில், 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் 2 முறை தேய்த்து, 5 நிமிடம் கழித்து அலசுக. 2 முதல் 4 வாரங்களில் குணம் தெரியும்.

பேன்: காதின் பின்புறமும் பிடரியும் ஈர் மிகும் இடங்கள். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகுமாதலின், பேன் மருந்தை 9ஆம் நாள் மீண்டும் இடுதல் வேண்டும். வீட்டார் அனைவர் தலையையும் ஒரே நாளில் சோதிக்க. மண்ணெண்ணெய் ஆகாது, அது தோலைப் புண்ணாக்கும், அடுப்பருகே தீப்பற்றும்.

படர்தாமரை: குழந்தையின் தலையில் முடி உதிர்ந்த வட்டத் திட்டு காணின் தாமதம் கூடாது. களிம்பு முடியின் வேரை எட்டாது. மருத்துவர் தரும் மருந்தைப் பல வாரங்கள் உட்கொள்ள வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நோயை மறைத்து வளர்க்கும். சீழ் பிடித்து முற்றினால், அவ்விடத்தில் முடி மீண்டும் முளையாமற் போகலாம்.

ஐயமுள்ள அங்கத்தினர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடுவார்களாக.