வலது கன்னத்து மங்கு

எனக்கு மங்கு வந்தது வலது கன்னத்தில்தான். கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை காப்பிப்பொடி நிறத்தில் படர்ந்திருந்தது. இடப்பக்கம் லேசான நிழல்போலத்தான். கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவினேன். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் சிவந்து எரிந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து யாரும் அப்படி வாங்கிப் போடாதீர்கள்.

தோல் மருத்துவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கார் நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் 40 கிலோமீட்டர், பதினோரு வருடமாக. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுவிட்டால் வெயில் நம்மேல் படாது என்றுதான் நினைத்திருந்தேன். முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் (யு.வி.) கதிரைக் கிட்டத்தட்ட முழுதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அப்படியில்லை. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யு.வி.பி.யை நிறுத்தும், ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் யு.வி.ஏ.யில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஜன்னலோரமான இடக்கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கிப்போயிருந்தது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்.

மங்குக்கு ஹார்மோன், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வெயில் அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கும்பகோணம் சாலை வடகிழக்காகப் போகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து எழும். காலை வெயில் நேராக என் வலது ஜன்னலில். பனியும் குளிர்காற்றுமாக இருக்கும் அந்த மாதத்தில் நான் சன்ஸ்கிரீனைத் தொட்டதே இல்லை. ஆனியில் காலைச் சூரியன் முன்கண்ணாடிக்கு எதிரே நிற்கும். சாயங்காலம் திரும்பும்போது மறுபடி வலது ஜன்னல். வருடம் முழுக்க அந்தக் கன்னம் தப்பவே இல்லை. உடம்பில் சூடு படுகிறதா என்று பார்த்துப் பயனில்லை, யு.வி.ஏ. உறைக்காது. மேகமும் அதை முழுதாக மறைக்காது.

இப்போது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கி எடுத்து, முகம், காது, கழுத்து என்று பூசிக்கொள்கிறேன். முன்பு பட்டாணி அளவுதான் எடுப்பேன். அந்த அளவில் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக யு.வி.பி.க்குத்தான். அதனால் 30-க்குக் குறையாமல் பார்ப்பதோடு, யு.வி.ஏ.க்கான 'பி.ஏ.' குறியில் எத்தனை பிளஸ் என்றும் பார்ப்பேன். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வருவதை வாங்குங்கள். நம் நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுப்பாக்கும். நிறமில்லாதது அதைத் தடுக்காது. நிறமுள்ளது வெள்ளை பூத்ததுபோலவும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் துடைத்து இன்னொரு முறை.

ஒரு வருடத்தில் மங்கு பாதிக்கு மேல் வெளுத்தது. போன ஐப்பசியில் அடைமழை, வெயிலே இல்லை என்று இரண்டு வாரம் விட்டேன். தீபாவளிப் புகைப்படத்தில் வலது கன்னம் மறுபடி கறுத்திருந்தது.