டி.எஸ்.எல்.ஆர். கேமரா – வெளிச்சத்தை அளக்கக் கற்போம்



கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்கும் பெரிய கறுப்புக் கேமராவை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். அதன் பெயர் டி.எஸ்.எல்.ஆர். கேமரா. தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காக அதை வாங்கிப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. எங்க சின்ன மாமா அப்படித்தான் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். அவரிடம் கேட்டும், எடுத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைப் பாடமாக எழுதியிருக்கிறேன். 'அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம்'னு நினைக்க வேண்டாம். ஒளிப் பாடம் படித்த யாருக்கும் இது புரியும்.

பெயர்க் காரணம்

டிஜிட்டல் சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்பதன் சுருக்கம்தான் டி.எஸ்.எல்.ஆர். சிங்கிள் லென்ஸ் என்றால், நாம் பார்ப்பதும் படம் விழுவதும் ஒரே லென்ஸ் வழியாக. ரிஃப்ளெக்ஸ் என்றால் எதிரொளிப்பு. லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே போகும். மேலே உள்ள பட்டகம் அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். ஷட்டர் என்ற திரை திறக்கும். ஒளி சென்சார் மேல் விழும். 'டப்'னு ஒரு சத்தம் கேட்குதே, அதில் பெரும்பகுதி இந்தக் கண்ணாடி போட்ட சத்தம்தான்!

உங்களுக்குத் தெரியுமா?

* 1975-ல் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்தார். ஒரு படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது.
* 1991-ல் கோடக் முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1.3 மெகாபிக்சல்தான். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகத் தொங்கவிட வேண்டும்.

குழாயடிக் கணக்கு

குழாயில் குடம் நிறைய வேண்டும் என்றால் இரண்டு வழி. குழாயை நிறையத் திறந்தால் சீக்கிரம் நிறையும். கொஞ்சமாகத் திறந்தால் நேரம் ஆகும். கேமராவிலும் இதே கணக்குதான்.

1. அபர்ச்சர்: லென்ஸுக்குள் இருக்கும் துளை. குழாய்த் திறப்பு மாதிரி. இதை எஃப் எண்ணால் சொல்வார்கள். எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது. எஃப் 16 சின்னத் துளை, எஃப் 2.8 பெரிய துளை. துளை பெரிதானால் பின்னால் உள்ளவை மங்கலாகிவிடும்.

2. ஷட்டர் வேகம்: திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. 1/1000 என்றால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடுகிற பிள்ளைகளையும் பறக்கிற கொக்கையும் அசையாமல் நிறுத்த இந்த மாதிரி வேகம் வேண்டும். 1/15 வைத்தால் நம்ம கை ஆடுவதே படத்தில் தெரிந்துவிடும்.

3. ஐ.எஸ்.ஓ.: கிடைத்த ஒளியின் பதிவைப் பெருக்கிக் காட்டும் அளவு. ரேடியோவில் சத்தம் கூட்டுவது போல. ரொம்பக் கூட்டினால் ரேடியோ கரகரக்கும், படமும் புள்ளி புள்ளியாகிவிடும்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்துக்கொண்டால், கீழே உள்ள நான்கும் ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடும்.

எஃப் 16 – 1/100
எஃப் 11 – 1/200
எஃப் 8 – 1/400
எஃப் 5.6 – 1/800

ஒரு படி துளை திறந்தால் ஒளி இரண்டு மடங்கு. அதனால் நேரத்தைப் பாதியாக்குகிறோம். அப்படின்னா நாலு படமும் ஒரே மாதிரி இருக்குமா? வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், படம் இருக்காது. எஃப் 16-ல் பக்கத்துச் செடியும் தூரத்து மலையும் தெளிவாக விழும். எஃப் 5.6-ல் ஓடுகிறவன் தெளிவாக நிற்பான். ஒன்று வாங்கினால் ஒன்று கொடுக்கணும். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் படம் எடுக்கிறவர் வேலை.

கொக்கும் எருமையும்

இதுதான் முக்கியமான பகுதி. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது எதைப் பார்த்தாலும், மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். வெள்ளைக் கொக்கு படம் முழுக்க நிறைந்து நின்றால், 'வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு நினைத்துக் குறைத்துவிடும். கொக்கு அழுக்குச் சாம்பலாக விழும். எருமை படம் முழுக்க நின்றால், 'இருட்டா இருக்கு'ன்னு கூட்டிவிடும். எருமை வெளுத்துப்போகும். கொக்கும் எருமையும் மாறவில்லை, அளவுதான் தவறு.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். வானம் பின்னால் இருக்க குரூப் போட்டோ எடுத்தால் வானம் பளிச்சென்று விழும், முகமெல்லாம் இருட்டாக விழும். 'நீங்க எல்லாம் கறுப்பு, அதான் விழல'ன்னு சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. அதை நம்பி நம்மில் பல பேர் போட்டோ என்றாலே பவுடர் பூசுகிறோம், இல்லேன்னா பின்வரிசையில் ஒளிந்துகொள்கிறோம். உண்மை என்ன தெரியுமா? வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா ஒளியைக் குறைத்துவிட்டது. சிவப்பான ஆளை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் முகமும் இருண்டுதான் விழும்.

இதற்குக் கேமராவிலேயே மருந்து இருக்கிறது. டயலில் 'பி' என்ற எழுத்தை வைத்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனில் +1 வைத்தால் ஒளி இரண்டு மடங்காகும். வானம் கொஞ்சம் வெளுத்துப் போகும், போகட்டும். முகம் அதன் சொந்த நிறத்தில், கண்ணும் சிரிப்பும் தெரிய விழும். கொக்குக்கும் +1 வைக்கலாம், எருமைக்கு −1. அல்லது ஆட்களை வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பி நிறுத்தினாலே பாதிக் குறை தீர்ந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. கலர் பிலிம் காலத்தில் கடைகளில் நிறத்தைச் சரிபார்க்க, 'ஷெர்லி' என்ற அட்டையைக் கோடக் கம்பெனி கொடுத்தது. அதில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். பல வருஷம் அந்தத் தோலுக்குத்தான் நிறம் சரிபார்த்தார்கள். ஆகவே குறை நம்ம முகத்தில் இல்லை, அளவுகோலில்!

வாங்குவதும் பாதுகாப்பதும்

கேனான், நிக்கான் கம்பெனிகளின் கடைசிப் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல்கள் 2020-ல் வந்தவை. இப்போது அவர்கள் புதிதாகக் கொண்டுவருவது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள். அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கைமாறிக் கிடைக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

* ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது? சாதாரண மாடல்கள் பலவற்றில் ஷட்டரை 1 லட்சம் தடவை வரை சோதித்திருப்பார்கள்.
* லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கணும். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கக் கூடாது.
* எஃப் 16-ல் வானத்தைப் படம் எடுத்துப் பார்க்கணும். புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி.

மழைக்காலத்தில் ஈரத்தால்தான் பூஞ்சை வரும். தோல் பையிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கணும். அதைச் சின்னப் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளணும். தூசியை வாயால் ஊதினால் எச்சில் படும், ஊதுபந்தால்தான் ஊதணும். வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் பார்வை போய்விடும்.

பழகும் முறை

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கிட்டப் போகக் கூடாது. தாய்ப் பறவை பயந்து கூட்டை விட்டுவிடலாம். மனிதர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வேண்டாம்னு சொன்னால் கேமராவைக் கீழே இறக்கிவிடணும்.

'பொம்பளப் புள்ள கையில இதைக் கொடுக்கலாமா?'ன்னு கேட்கிறவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். ஹோமாய் வியாரவாலா (1913–2012), இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். இன்னொருவர் தேனிப் பக்கம் பிறந்த ரதிகா ராமசாமி. பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர்.

செய்து பார்ப்போம்

கேமரா இல்லாதவர்கள் வீட்டு செல்போனிலேயே செய்யலாம். தோழியை வாசல்படியில் நிறுத்தி, உள்ளே இருந்து வெளிச்சத்தைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். பிறகு திரையில் அவள் முகத்தைத் தொடுங்கள். பல போன்களில் சூரியன் குறி வரும். அதை மேலே தள்ளி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் ஒன்றுதான், அளவுதான் வேறு.

கேள்வி: எஃப் 8-க்கு 1/400 சரி என்றால், எஃப் 4-க்கு எவ்வளவு?
விடை: இரண்டு படி திறக்கிறோம், ஒளி நான்கு மடங்கு. எனவே 1/1600.

அடுத்த குரூப் போட்டோவில் யாரும் பின்னால் ஒளிய வேண்டாம். எடுக்கிறவரிடம் 'பிளஸ் ஒன் வைங்க சார்' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி