நரம்புச் சுருட்டு நரம்பு நோயா?

நம் உறுப்புகளுள் மிகுதியாக வேலை வாங்கிக்கொண்டு மிகக் குறைவாக நாம் கவனிப்பது காலையே எனலாம். கெண்டைக்காலிலும் தொடையின் உட்புறத்திலும் நீல நிறமாகப் புடைத்து, மண்புழுப் போல நெளிந்து கிடக்கும் குழாய்களைப் பலரிடம் கண்டிருப்போம். மருத்துவர் இதனை 'வெரிகோஸ் வெயின்' என்பர். நூல்கள் சுருள் சிரை நோய் என்று குறிக்கும். எங்கள் பாரூர்ப் பக்கத்திலோ 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நோய் செய்யும் கேட்டோடு இப்பெயர் செய்யும் கேடும் உண்டு.

உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும் இரத்தம் ஓடும் குழாயையும் பேச்சு வழக்கில் நரம்பு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். காலில் புடைத்துத் தெரிவது நரம்பே அன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. இந்த வேறுபாடு தெரியாமையால் என் பெரியம்மா பல ஆண்டுகள் துன்புற்றார். முதலில் மாலை நேரத்தில் கால் கனத்தது. பின்னர் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரித்தது. முடிவில் அங்கே ஆறாப் புண் வந்தது. "நரம்புல கத்தி வெச்சா காலு வெளங்காமப் பூடும்" என்று ஊரார் சொன்ன சொல்லை நம்பி அவர் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. பச்சிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டியே நாள் கழிந்தது.

சிரை ஏன் சுருள்கிறது? கிணற்று மோட்டாரை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. உறிஞ்சு குழாயின் அடியில் புட்வால்வு ஒன்று இருக்கும். நீரை மேலே விடும், கீழே விடாது. அது கெட்டால் ஏறிய நீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிடும். காலின் சிரைகளிலும் இத்தகைய வால்வுகள் வழிநெடுக அமைந்துள்ளன. இத்தாலியில் பதுவா நகரப் பேராசிரியர் பாப்ரீசியஸ் இவற்றை விளக்கி 1603-இல் நூல் எழுதினார். எனினும் இரத்தத்தை ஒரே திசையில் செலுத்தவே இவை உள்ளன என்பதை 1628-இல் நிறுவியவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி. ஆசிரியர் கண்டதை மாணவர் புரிந்துகொண்டார்!

வால்வு இருந்தால் போதுமா? மோட்டார் வேண்டுமன்றோ? அதுதான் கெண்டைக்கால் தசை. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அது சுருங்கிச் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்காலருகே சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நிற்பதைவிட அசையாமல் நிற்பதே கொடிது. வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் அழுத்தம் இந்த அளவு இறங்குவதில்லை. தேங்கிய இரத்தம் சிரையை விரிக்க, விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் மேலும் விலகிப் போகின்றன.

பரம்பரை, வயது, கருவுற்ற காலம், உடற்பருமன் ஆகியவையும் காரணங்களே. கருவுற்றபோது தோன்றுவது பேற்றுக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனால் நம் வட்டாரத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியது நிற்கும் தொழில். பாரூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் பெண்கள் நாளெல்லாம் உழைத்தாலும் அடி பெயர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய மக்களோ ஓசூரில் எந்திரத்தின் முன்னும், மாங்கூழ் ஆலையில் பழம் பிரிக்கும் பட்டையின் அருகிலும், துணிக்கடையிலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். (நம் ஆசிரியப் பெருமக்களும் நின்றே பாடம் நடத்துகிறார்கள், ஆயினும் வகுப்பில் உலாவுவதால் பாதி தப்பினார்கள்.)

நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிட்டும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கூறியது. கடை ஊழியருக்கு அந்த உரிமை கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண் ஊழியர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாகப் போராடியதன் விளைவாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நல அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் முன்வைத்த திருத்தம், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒரு முக்காலி கேட்பதற்கு இத்தனை பாடு! முக்காலி போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கும் முதலாளியைச் சட்டம் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

உட்கார இயலாதவர் நின்றபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை செய்தாலும் தசை வேலை செய்யும். வீடு திரும்பியதும் படுத்துக் காலை இதய மட்டத்திற்கு மேல் கால் மணி நேரம் தூக்கி வைத்தல் நன்று. இறுக்கமான காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன் அணிந்து இரவில் கழற்ற வேண்டும். அது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும்; கெட்ட வால்வைச் சரிசெய்யாது. தமனி அடைப்பு உள்ளவருக்கு இக்காலுறை தீங்கு செய்யும். ஆகவே நீரிழிவு உள்ளவரும் புகைப்பவரும் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது.

சிகிச்சைக்கு முன் டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்த வால்வு கசிகிறது என்று பார்ப்பர். முன்பு தொடைக்கவட்டில் கீறிச் சிரையை உருவி எடுப்பதே வழக்கம். இன்று லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே அதனை மூடிவிடுகின்றனர். சிறியவற்றுக்கு நுரைமருந்து ஊசி உண்டு. "மூடிவிட்டால் இரத்தம் எப்படிப் போகும்?" என்று பெரியம்மா கேட்டார். காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள் வழியாகவே செல்கிறது. 1967 முதல் இதய பைபாஸ் அறுவைக்கு மருத்துவர்கள் எடுத்துப் பயன்படுத்திவருவதும் காலின் இதே மேற்சிரையைத்தான்! எடுத்தபின் அவர்கள் நடக்காமலா இருக்கிறார்கள்? இதைக் கேட்ட பிறகே அவர் இசைந்தார். அழுத்தக் கட்டு போட்டுப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. லேசருக்கு மறுநாளே நடந்தார்.

இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருத்தல் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அது நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று, புடைத்த சிரை அடிபட்டு வெடித்து இரத்தம் பீறிடுவது. உடனே ஆளைப் படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கி, தூய துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாம்புக்கடிக்குக் கட்டுவது போலத் தொடையில் கயிறு கட்டும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படிக் கட்டினால் மேலேறும் வழி அடைபட்டு இரத்தம் இன்னும் பெருகும்.