கேட்கப்படாத வீடுகள்: இளம் கணித ஆசிரியர் ஒருவருக்கு மடல்

அன்புள்ள தம்பிக்கு,

திரட்டிய எண்களைக் கூட்டி வகுத்து வரைபாக்குவது ஒரு வேலை. அவ்வெண்களைக் கொண்டு, எண்ணப்படாத மற்றவர்களைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் எனத் துணிவது வேறொரு வேலை. பின்னதே அனுமானம் எனப்படும். தரம் 7, 8 மாணவர் இடை, இடையம், ஆகாரம், வீச்சு ஆகியவற்றைப் பிழையின்றிக் கண்டுபிடித்த பின்னரும் அனுமானத்தில் இடறுவதற்குக் கணிப்பில் உள்ள குறை காரணமன்று. யார் கேட்கப்பட்டனர், யார் விடுபட்டனர் என்ற வினா வகுப்பறையில் எழாமையே காரணம்.

கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள ஒரு பாடசாலையில், 36 மாணவரைக் கேட்டதில் 20 பேரின் வீட்டில் கடற்றொழில் நடப்பதாகத் தெரிந்தது எனக் கொள்க. "எமது வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கடலை நம்பியுள்ளன" என்பது தரவைச் சொல்வது; "திருகோணமலை மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கடலை நம்பியுள்ளன" என்பது தரவைத் தாண்டிக் குதிப்பது. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் கந்தளாயும் தம்பலகாமமும் வயலை நம்பி வாழ்பவை, மொறவெவயும் கோமரங்கடவலவும் கடலையே காணாதவை என்பதை மாணவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காணும்போது, அந்த 36 வீடுகள் எந்த முழுத்தொகுதிக்கு மாதிரியாகும் என்ற வினா தானாகவே பிறக்கும். முழுத்தொகுதி என்பது யாரைப் பற்றி முடிவு சொல்லப்படுகிறதோ அவர் அனைவரும். மாதிரி என்பது அவர்களுள் உண்மையில் கேட்கப்பட்டவர்கள்.

எழுமாற்று மாதிரி என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதவைப்பதைவிட, கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதை நினைவூட்டுவது நல்லது: எல்லாப் பெயரும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக்கூடாது. இதன் பிறகு 200 புளியங்கொட்டைகளுள் 60க்குச் சுண்ணாம்பு பூசிப் பையிலிட்டு, ஒவ்வொரு குழுவும் பார்க்காமல் 20 எடுத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போடட்டும். ஆறு வரவேண்டிய இடத்தில் ஒரு குழுவுக்கு நாலும் இன்னொன்றுக்கு எட்டும் வரும். எவரும் பிழை செய்யவில்லை என்பதையும், நேர்மையாக எடுத்த மாதிரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதையும் மாணவர் கையாலேயே அறிவர். "ஆகவே" என்று அடித்துச் சொல்லும் பழக்கம் தளர்ந்து, "ஏறத்தாழ", "இத்தரவின்படி" என்ற சொற்கள் அவர்கள் எழுத்தில் நுழைவது அங்கேதான். இச்சொற்களைத் தயக்கத்தின் அடையாளமாகக் கருதிப் புள்ளி குறைக்கும் ஆசிரியர் பாடத்தின் வேரையே வெட்டுகிறார்.

மாதிரி பெரிதானால் போதும் என்ற எண்ணமும் களையப்பட வேண்டும். 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை, தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களைப் பெரிதும் நம்பி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டி, வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. ஆனால் 48 மாநிலங்களுள் 46இல் எதிர் வேட்பாளர் ரூஸ்வெல்ட் வென்றார்.

எனினும் திருகோணமலை மாணவருக்கு மிகப் பொருத்தமான பாடம் அவர்களது மாவட்டத்தின் தொகைமதிப்பிலேயே இருக்கிறது. 1981இல் ஏறத்தாழ 256,000 ஆக இருந்த மக்கள்தொகை 2012இல் ஏறத்தாழ 380,000 ஆக எண்ணப்பட்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில், 1991இல் நடந்திருக்க வேண்டிய தொகைமதிப்பு போரினால் நடைபெறவில்லை. 2001இல் நடந்தது 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவடைந்தது, அவற்றுள் திருகோணமலை இல்லை. இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து ஆண்டுக்கு 4,000 பேர் கூடினர் என மாணவர் எழுதுவது வகுத்தல் கணக்காகச் சரியே. ஆனால் 1990இன் இடம்பெயர்வும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும், 2006இல் சம்பூரும் மூதூரும் வெறுமையானதும் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகிடக்கின்றன. அவ்வாண்டுகள் எவற்றிலும் வளர்ச்சி அந்த 4,000 ஆக இருந்தது என்பதற்கு இவ்விரு எண்களும் சான்றாகா. இப்பாடத்தை நடத்துகையில், எண்ணப்படாத ஆண்டுகளில் ஊரைவிட்டுச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வாங்கில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறவாமல், இனவாரி எண்களை விவாதப் பொருளாக்காது, முதலில் ஆண்டுகளின் இடைவெளியை மட்டும் பேசுவது தக்கது.

காலமும் மாதிரியின் ஒரு பகுதி. "கடந்த வாரம் வீட்டிலிருந்து எத்தனை நாள் கடலுக்குப் போனார்கள்?" என்ற வினாவுக்கு, வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் தை மாதத்தில் கிடைக்கும் இடையும், வள்ளங்கள் தடையின்றி இறங்கும் ஆனியில் கிடைக்கும் இடையும் ஒன்றாக இரா. அதே வினாக்கொத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், முதலாந் தவணையிலும் இரண்டாந் தவணையிலும் கொடுத்து, தாள்களில் திகதியை எழுதவைத்து, இரு கட்டுகளையும் அடுத்த ஆண்டு வகுப்புக்காகப் பாடசாலை அலுமாரியில் பத்திரப்படுத்துக.

ஆசிகளுடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி.