ஞானோபதேசப் பாடம்: பிறர் பாவத்தில் பங்கு



தன் கையால் செய்யாத பாவத்துக்கும் மனிதன் சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதாயிருக்கும் என்பது திருச்சபையின் பழைய போதகம். கட்டளையிடுவதாலும், கோபமூட்டுவதாலும், புகழ்வதாலும், தடுக்க வேண்டியவன் வாய் திறவாதிருப்பதாலும் பிறர் பாவம் நம்முடையதாகிறது. ஞானோபதேசத்தில் இவ்வழிகளை ஒன்பதாக எண்ணுவார்கள். இவ்வாரம் இப்பாடத்தை நமக்கு அருகிலேயே நடக்கும் ஒரு காரியத்தை வைத்துப் படிப்போம்.

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. அங்கே போடப்பட்ட வீட்டில் 2017 ஜூன் 25 முதல் விஜய் டெலிவிஷனின் ‘பிக் பாஸ்’ நடந்தது. அதன் பின்னும் பல வருஷங்கள் நடந்து வருகிறது. 1999-ல் ஒல்லாந்து தேசத்தில் தோன்றிய ஏற்பாடு இது. ஆணும் பெண்ணுமாகச் சிலரை நூறு நாள்வரை அடைத்து வைப்பார்கள். டெலிபோன் இல்லை, பத்திரிகை இல்லை, வீட்டார் முகமும் இல்லை. காமிராக்கள் மட்டும் உறங்குவதில்லை. யாரை வெளியேற்றலாமென்று அவர்களே ஒருவர்மேல் ஒருவர் பெயர் சொல்ல வேண்டும். காப்பாற்றுவதற்கு நாம் வாக்களிக்க வேண்டும். சண்டை வராதிருந்தால்தான் அதிசயம்!

முதல் வருஷத்திலேயே, 2017 ஆகஸ்டில், நடிகை ஓவியா மன உளைச்சலுக்கு ஆளாகி அவ்வீட்டைவிட்டு வெளியேறினார். 2019 ஆகஸ்டில் வேறொரு பெண் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதால் வெளியே அனுப்பப்பட்டார். 2021 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, அதே வளாகத்தில் மலையாள நிகழ்ச்சியின் படப்பிடிப்பைத் தொடர்ந்து நடத்தியதற்காகத் திருவள்ளூர் ஜில்லா அதிகாரிகள் வந்து பூட்டி முத்திரையிட்டார்கள். வேலையாட்களில் சிலருக்கு நோய் கண்ட பிறகும் வேலை நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? “அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுத்தானே போனார்கள்?” என்று உடனே சொல்லுவோம். சம்மதித்தவனுக்கு அநியாயம் செய்யப்படவில்லை என்று ஒரு பழைய சட்டவாக்கு உண்டுதான். ஆனால் தனக்குச் சொந்தமானதைப் பற்றியே ஒருவன் சம்மதம் கொடுக்கக்கூடும். உயிரும், சரீர சுகமும், புத்தித் தெளிவும் சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்த பொருட்கள். நாம் காவற்காரரேயன்றி உடைமைக்காரரல்ல. மேலும், முதல் நாள் போட்ட கையெழுத்து, ஐம்பதாம் நாள் தூக்கமின்றி அழுகிறவளுடைய மனதுக்குச் சம்மதமாகுமா?

பலர் சேர்ந்து ஒருவனுக்குக் கேடு செய்தால் பழி பல கூறாகப் பிரிந்து சிறுத்துப்போகிறதென்று எண்ணுவது தவறு. ஒழுக்க சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொருவனும் முழுமைக்கும் கடமைப்பட்டவன். அவர்களுக்குள்ளும் ஈடுசெய்வதில் கட்டளையிட்டவன் முந்தியவன், செய்தவன் பிந்தியவன். ஆகையால் வீட்டுக்குள் வாய்விட்டுத் திட்டியவனைவிட, திட்டு வரும்படி போட்டியை வகுத்தவனும், அரை நிமிஷக் கோபத்தை மூன்று முறை காட்டும்படி வெட்டி ஒட்டியவனும் அதிகமாய்க் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பிரிட்டன் தேசத்தில் 2019-ல் பங்கெடுத்த ஒருவர் இறந்தபின் ‘ஜெரமி கைல்’ நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். ஆஃப்காம் என்ற கண்காணிப்பு நிறுவனம், கேடடையக்கூடிய நிலையிலுள்ளவர்களின் நலனை ஒளிபரப்புகிறவர்கள் தக்கபடி கவனிக்க வேண்டுமென்று 2021 ஏப்ரல் முதல் விதித்தது. நம் நாட்டில் 1995-ம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் சட்டத்தைச் சேர்ந்த நிகழ்ச்சி விதிகளோ, பெரும்பாலும் பார்ப்பவனுக்கு என்ன காட்டலாகாது என்பதையே பேசுகின்றன.

பார்ப்பவனுக்கும் பங்குண்டா? அர்ச். அகுஸ்தீனார் தம் சிநேகிதர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் மனிதர் வெட்டிக்கொண்டு சாகும் விளையாட்டுக்கு நண்பர்கள் அவரைப் பலவந்தமாய் இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தபோது கண் திறந்தார், பிறகு மூடவில்லை. அடுத்த முறை தாமே பிறரை அழைத்துப் போனார். வாளேந்தியவன் அவரல்ல, ஆனால் அந்த ஆர்ப்பரிப்புக்காகவே வாள் உயர்ந்தது. அமைதியானவளை அனுப்பிவிட்டு, சண்டைக்காரன் இருந்தால்தான் ருசி என்று அவனைக் காப்பாற்ற வாக்களிக்கும்போது நாம் செய்வது என்ன? புகழ்வதும் தூண்டுவதுமே. 1963 டிசம்பர் 4-ல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்பு விதித்தொகுப்பு, தயாரிப்பவர்களோடு நிறுத்தாமல், தேர்ந்து பார்க்கும் கடமையைப் பார்ப்பவர்கள்மேலும் வைத்திருக்கிறது.

அந்த வளாகத்திற்குத் தச்சு வேலைக்கும், சமையலுக்கும், வண்டி ஓட்டவும் போகிறவர்கள், “சுவாமி, நாங்கள் போகலாமா?” என்று கேட்கக்கூடும். போகலாம். சோறு ஆக்குவதும் பலகை அடிப்பதும் தன்னிலே குற்றமல்ல. தீமையை மனதால் விரும்பாமல், தூரத்திலிருந்து தரும் உதவி அது. குடும்பம் பிழைக்கத் தக்க காரணமுமுண்டு. ஆனால் உள்ளே ஒருவர் உண்ணாமல் சோர்ந்து கிடப்பதைச் சமையற்காரர் கண்டால், மேலாளிடம் சொல்லியே ஆக வேண்டும். சண்டையை வகுக்கும் அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருடைய காரியம் வேறு. அவர் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் என்னிடம் தனியே கேட்கட்டும். சனிக்கிழமை மாலை பூசைக்கு முன் இருப்பேன்.