பூங்கா யாருடைய சொத்து?

நகரத்தில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். முற்றம் இருக்காது. திண்ணை இருக்காது. குழந்தைகள் ஓடி விளையாட இடம் இருக்காது. பெரியவர்கள் காற்று வாங்கவும் இடம் இருக்காது. அதனால்தான் புதிய குடியிருப்பு அமைக்கும்போது பூங்காவுக்கு என்று ஓர் இடத்தை ஒதுக்குகிறார்கள். வரைபடத்திலும் அதைக் குறித்து வைக்கிறார்கள்.

முப்பது, நாற்பது ஆண்டுகள் போகின்றன. பூங்காவுக்கும் வயதாகிறது. ஊஞ்சலின் சங்கிலி அறுந்து விடுகிறது. சறுக்குமரத்தின் தகடு துருப்பிடித்துக் கையைக் கிழிக்கிறது. இரவில் விளக்கு எரிவதில்லை. பெண்கள் வருவதை நிறுத்துகிறார்கள். குழந்தைகளும் வருவதில்லை. குப்பை வந்து சேருகிறது.

கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த இடம் சும்மாதானே கிடக்கிறது?"

இந்தக் கேள்விதான் ஆபத்தானது. சும்மா கிடக்கும் இடத்தின் மேல் பலருடைய கண்ணும் விழும்.

பெங்களூரில் நடந்த வழக்கு

பெங்களூரில் சதாசிவநகர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு திறந்தவெளி, பூங்காவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1976ஆம் ஆண்டில் மாநில அரசு ஓர் உத்தரவு போட்டது. அதன்படி பெங்களூர் வளர்ச்சி ஆணையம் அந்த இடத்தை ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அங்கே ஆஸ்பத்திரி கட்டுவது என்று முடிவானது.

அந்தப் பகுதி மக்கள் இதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். முதலில் விசாரித்த நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மக்கள் விடவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். இந்த முறை மக்கள் வென்றார்கள். அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1991 ஜூலை 19 அன்று உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்று தோன்றலாம். ஆஸ்பத்திரியால் பயன் இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரி வருமானத்தையும் பார்க்கும். பூங்காவோ எல்லோருக்கும் பொது. ஏழைக்கும் அது உண்டு, பணக்காரருக்கும் உண்டு. எனவே பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் தனியார் ஆஸ்பத்திரி வர முடியாது என்பதே தீர்ப்பு. பூங்காவை இழந்தால் பாதிக்கப்படுவது அங்கே குடியிருக்கும் மக்கள். ஆகவே வழக்குப் போடவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

பூங்கா அதிகாரியின் சொத்து இல்லை. கவுன்சிலரின் சொத்தும் இல்லை. அது மக்களின் சொத்து. அப்படியானால் பழைய பூங்காவைப் புதுப்பிக்கும்போதும் மக்களைத்தானே கேட்க வேண்டும்?

சட்டம் தரும் வழி

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளின் பட்டியல் அதில் உள்ளது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

புணே மாநகராட்சி 2006இல் ஒரு புதிய முறையைத் தொடங்கியது. தங்கள் பகுதிக்கு என்ன வேலை வேண்டும் என்று மக்களே படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். பட்ஜெட் போடும்போது மாநகராட்சி அதைப் பார்க்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கூடினால் இப்படிப்பட்ட படிவங்களும் கூடும்.

யாரைக் கேட்பது?

பூங்காவுக்குக் காலையில் வருபவர் வேறு. மாலையில் வருபவர் வேறு. காலையில் பெரியவர்கள் நடக்க வருவார்கள். மதியம் ஆட்டோ ஓட்டுநரும் கட்டட வேலை செய்பவரும் மர நிழலில் சற்றுப் படுப்பார்கள். மாலையில் தாய்மார்கள் குழந்தைகளை அழைத்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு கூட்டம் போட்டால் இவர்கள் எல்லோரும் வர முடியாது. அதனால் மூன்று வேளையும் பூங்காவிலேயே நின்று கேட்க வேண்டும்.

வராதவர்களையும் கேட்க வேண்டும். "ஏன் அம்மா, நீங்கள் பூங்காவுக்கு வருவதில்லையே?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். "கழிப்பறை இல்லை, எப்படி வருவது?" என்பார் ஒருவர். "ஆறு மணிக்கு மேல் இருட்டு. பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்பார் இன்னொருவர். சக்கர நாற்காலியில் இருப்பவரால் வாசற்படி ஏற முடியாது. இவர்களைக் கேட்காமல் புதுப்பித்தால் என்ன ஆகும்? நீரூற்று வரும், வண்ண விளக்கு வரும். கழிப்பறை மட்டும் வராது.

எல்லோரும் சேர்ந்து பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது நல்லது. பிறகு தரையில் சாக்கட்டியால் பூங்காவின் படத்தை வரையலாம். மரம், குழாய், விளக்கு, உடைந்த பெஞ்சு ஆகியவற்றைக் குறிக்கலாம். எங்கே என்ன வேண்டும் என்று குழந்தைகள்கூடப் படத்தில் கல் வைத்துக் காட்டுவார்கள்.

கவனிக்க வேண்டியவை

மரம்: பெரிய மரங்களை வெட்டாமலே பூங்காவைப் புதுப்பிக்கலாம். அடிமரம் வரை சிமெண்ட் பூசக் கூடாது. பூசினால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது.

விளையாட்டு இடம்: ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே மணல் இருக்க வேண்டும். சிமெண்ட் தரையில் விழுந்தால் அடி பலமாகப் படும்.

வாசல்: படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால் சக்கர நாற்காலி எளிதாக ஏறும்.

விளக்கு: கிளைகளுக்கு மேலே விளக்கு வைத்தால் வெளிச்சம் இலைகளில் நின்றுவிடும். கிளைகளுக்குக் கீழே வைத்தால் பாதை தெரியும்.

சருகு: சருகை எரிக்கக் கூடாது. ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டால் உரமாகிவிடும்.

கருத்து வேறுபட்டால்

எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்காது. பையன்கள் கிரிக்கெட் ஆட வேண்டும் என்பார்கள். "பந்து மேலே விழுகிறது தம்பி" என்பார் ஒரு பாட்டி. கதவைப் பூட்டி வைத்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பூட்டிவிட்டால் மதியம் நிழல் தேடி வருபவர் எங்கே போவார்?

இதற்கெல்லாம் வழி உண்டு. ஒரு பக்கத்தை விளையாட்டுக்கு ஒதுக்கலாம். அல்லது நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஒருவரை வெளியே தள்ளிவிட்டுச் செய்யும் முடிவு நிலைக்காது. உட்கார இடம் இல்லாதவருக்குத்தான் பூங்கா அதிகம் தேவை.

மனு எழுதுவது எப்படி?

பேசி முடிவு செய்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது மறந்து போகும். எழுதியது நிற்கும். மாதிரி மனு இதோ:

பெறுநர்: ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்.
பொருள்: எங்கள் தெருப் பூங்காவைப் புதுப்பித்தல்.
மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
எங்கள் வார்டில் உள்ள பூங்கா பல ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடக்கிறது. பகுதி மக்கள் கூடிப் பேசினோம். கழிப்பறை, விளக்கு, சாய்தளம், ஊஞ்சல் ஆகியவை முதலில் தேவை என்று முடிவு செய்தோம். வேலை தொடங்கும் முன் திட்டப் படத்தையும் செலவு மதிப்பீட்டையும் எங்களுக்குக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு,
பகுதி மக்கள் (கையெழுத்துகள்)

மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதத்தில் குழாய் உடையும். பல்பு எரியாமல் போகும். யாரிடம் சொல்வது என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பத்துப் பேராவது கூடி எது பழுது என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். சம்பளம் கொடுத்துத் தோட்டக்காரரை வைப்பது மாநகராட்சியின் பொறுப்பு. அவர் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது மக்களின் பொறுப்பு.

ஆட்கள் வந்து போகும் பூங்காவைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது" என்று யாரும் சொல்ல முடியாது.

சிந்தித்துப் பேசுங்கள்

1. சதாசிவநகர் மக்கள் எதற்காக வழக்குப் போட்டார்கள்?
2. உங்கள் பகுதிப் பூங்காவுக்கு யார் வருகிறார்கள்? யார் வருவதில்லை? ஏன்?
3. அங்கே முதலில் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை எழுதுங்கள்.
4. மாதிரி மனுவைப் பார்த்து உங்கள் பகுதிக்கு ஒரு மனு எழுதுங்கள். ஐந்து பேரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.